அடீனியத்துக்குத் தண்ணீர்: பூவாளியா, ஓஸா, சொட்டுநீரா, திரியா?

மொட்டை மாடியில் நாலு அடீனியம், அதாவது பாலைவன ரோஜா, வைத்திருக்கிற எவரும் சீக்கிரமே இந்தக் குழப்பத்துக்கு வந்து சேருவார். நர்சரியில் கேட்டால் வாரத்துக்கு ரெண்டு தடவை போதும் என்பார்கள். யூடியூபில் ஒருத்தர் தினமும் ஊற்றச் சொல்வார், இன்னொருத்தர் பாலைவனச் செடிக்கு எதற்குத் தண்ணீர் என்பார். பக்கத்து வீட்டு மாடியிலோ ரோஜா, செம்பருத்தி, துளசியோடு சேர்த்து அடீனியத்துக்கும் தினம் காலையில் ஒரு மக் போகிறது, அதுவும் பூத்துக் குலுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அப்புறம் ஊருக்குப் போகிற நாள் வரும், சொட்டுநீர் போட்டுவிடலாமா, திரி வைத்த தொட்டி வாங்கலாமா என்று யோசனை ஓடும். இவை எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, யாருக்கு எது சரிப்படும் என்று முடிவு செய்யத்தான் இதை எழுதுகிறேன். சென்னையையும் அதை ஒட்டிய கடலோர மாவட்டங்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். கோவை, பெங்களூர்க்காரர்களுக்கு எங்கே கணக்கு மாறும் என்பதை இடையில் சொல்கிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். கோடையில் எது நன்றாகத் தண்ணீர் தருகிறது என்று பார்த்துத்தான் பெரும்பாலானவர்கள் முறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஐப்பசியில் எதைச் சுலபமாக நிறுத்த முடிகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பேன் நான். சித்திரையில் காய்ந்து செத்த அடீனியத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கார்த்திகையில் அழுகிச் செத்தது தெருவுக்கு ஒன்று கிடைக்கும்.

ஏன் இப்படி என்று புரிய அதன் சொந்த ஊரைப் பார்க்க வேண்டும். அடீனியம் ஒபீசம் செனகலில் தொடங்கி சாகேல் வறண்ட பகுதி வழியாக எத்தியோப்பியா, சோமாலியா, கென்யா, தான்சானியா வரைக்கும், செங்கடலுக்கு அந்தப் பக்கம் ஏமன், ஓமானிலும் தானாக வளர்கிற செடி. பாலைவன ரோஜா என்று பெயர்தானே தவிர ரோஜாவோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, அரளிக் குடும்பம். பாலும் அரளி மாதிரியே விஷம், ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவியிருக்கிறார்கள், அதனால் கிளை வெட்டினால் கையை நன்றாகக் கழுவிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள், மாடியில் சின்னப் பிள்ளைகள் விளையாடினால் வெட்டிய துண்டுகளைக் கீழே போட்டு வைக்காதீர்கள். அந்த ஊர்களில் மழைக்காலம் குறுகியது, ஆனால் அது சூட்டோடு சேர்ந்து வரும். நல்ல வெயிலும் நல்ல மழையும் இருக்கும் அந்தக் கொஞ்ச காலத்தில் செடி வயிறு முட்டக் குடித்து, பருத்த அடித்தண்டில் சேர்த்துவைத்து, மிச்ச மாதங்களை அதை வைத்து ஓட்டிவிடும்.

நம் ஊரில் இது தலைகீழ். சென்னையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1400 மில்லிமீட்டர், அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டுகிறது, அதாவது வெயில் மங்கி, காற்றில் ஈரம் ஏறி, செடி குடிப்பதைக் குறைத்துக்கொள்கிற நேரம் பார்த்து. 2015 நவம்பரில் மட்டுமே சென்னையில் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. ஈரம் வடியாத மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காமல் போகும், மூச்சு முட்டிய வேரில் பூஞ்சை ஏறும், அது மேலே அடித்தண்டுக்குப் போகும். அதே செடி சித்திரை வெயிலில் இலை தழைத்து நிற்கும்போது நிறையவே குடிக்கும். பாலைவனம் என்ற பெயரை நம்பி மே மாதத்தில் பட்டினி போட்டால் மொட்டெல்லாம் கருகி உதிர்ந்துவிடும், செடி சாகாது, பூ மட்டும் கிடைக்காது.

எந்த முறைக்குப் போனாலும் தாகத்தையும் அழுகலையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ரெண்டிலும் இலை மஞ்சளாகித்தான் கொட்டும். இலையைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் ஊற்றாமல் அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல நிலையில் அது பச்சை உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும், விரல் இறங்காது. தாகம் என்றால் தண்டு முழுக்க ஒரே சீராகக் கொஞ்சம் நெகிழும், தோலில் மெல்லிய சுருக்கம் தெரியும், மண் உலர்ந்திருக்கும். ஊற்றிய ஒன்றிரண்டு நாளில் திரும்பவும் கெட்டியாகிவிடும். அழுகல் என்றால் ஒரு இடம் மட்டும் கொழகொழவென்று உள்ளே போகும், பெரும்பாலும் மண்ணை ஒட்டிய பக்கம், நிறம் பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறியிருக்கும், அழுத்தினால் நீர் கசியும், மோந்து பார்த்தால் நாற்றம் வரும், மண்ணும் ஈரமாக இருக்கும். மண் ஈரமாக இருந்தும் தண்டு மெத்தென்று இருந்தால் அந்த நிமிஷமே தண்ணீரை நிறுத்திவிட்டுச் செடியைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். அழுகிய பாகத்தை நல்ல சதை தெரியும்வரை வெட்டி, நிழலில் காயவைத்து, புதுக் கலவையில் வைத்தால் பல சமயம் பிழைத்துக்கொள்ளும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் பிழைக்காது.

சரி, முறைகளுக்கு வருவோம்.

தினம் ஒரு மக் ஊற்றுவதுதான் ஊரெல்லாம் நடக்கிற வழி. இதைக் கேலி செய்ய மாட்டேன், பக்கத்து வீட்டுச் செடி பூப்பதற்குக் காரணம் இருக்கிறது. தொட்டியைப் போய்ப் பாருங்கள்: வண்ணம் அடிக்காத மண் தொட்டியாக இருக்கும், மேற்கு வெயில் முழுசாக விழும் இடமாக இருக்கும், வேர் தொட்டியை நிறைத்திருக்கும். மண் தொட்டியின் சுவர் வழியாகவே ஈரம் போய்விடும், மாடித் தரையின் சூட்டில் ஒரு மக் தண்ணீர் சாயங்காலத்துக்குள் காணாமல் போகும். அதே ஒரு மக்கை நர்சரியிலிருந்து வந்த பிளாஸ்டிக் தொட்டியில், தென்னை நார்க்கழிவு நிரம்பிய கலவையில் தினமும் ஊற்றினால் அடிப்பாகம் காயவே காயாது.

காயும் தொட்டியிலும் இந்த முறைக்கு ரெண்டு குறை உண்டு. ஒன்று, கொஞ்சமாக ஊற்றும்போது மேல் ரெண்டு அங்குலம்தான் நனையும், அடியில் இருக்கும் வேர் வறண்டே கிடக்கும். ரெண்டாவது, உப்பு. சென்னையில் பாதி வீட்டில் போர் தண்ணீர்தான், அதில் இருக்கும் உப்பு, தண்ணீர் ஆவியான பிறகு மண்ணிலேயே தங்கிவிடும். தொட்டி விளிம்பிலும் வெளிச்சுவரிலும் வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான். அடி ஓட்டை வழியாக வெளியே வழியும் அளவுக்கு ஊற்றினால்தான் அது கழுவிப் போகும், ஒரு மக்கில் போகாது. இலை நுனி கருகுகிறது, உரம் போட்டும் சரியாகவில்லை என்று அலைபவர்களில் பலருக்கு இதுதான் காரணமாக இருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இது கைப்பழக்கம். மார்கழிக் காலையிலும் கை தானாக மக்கை எடுக்கும்.

அடுத்தது, முழுசாக ஊற்றிவிட்டு முழுசாகக் காயவிடுவது. அடீனியம் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான், நானும் இந்தப் பக்கம்தான். பூவாளியில் முதல் சுற்று மெதுவாக ஊற்றி மண்ணை நனைக்க வேண்டும், ஐந்து பத்து நிமிஷம் விட்டு ரெண்டாவது சுற்று, அடி ஓட்டையிலிருந்து தண்ணீர் வழிந்து ஓடும்வரை. காய்ந்த கலவை சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகி நிற்கும், ஒரே தடவையில் ஊற்றினால் அந்த இடுக்கு வழியாக எல்லாம் சர்ரென்று கீழே போய்விடும், நீங்களும் வழிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிவிடுவீர்கள், உள்ளே வேர் உருண்டை நனைந்தே இருக்காது. அதனால்தான் ரெண்டு சுற்று. பத்து அங்குலத் தொட்டிக்கு மொத்தம் ஒரு லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் பிடிக்கும்.

எப்போது மறுபடி ஊற்றுவது? விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சி உருவி, தொட்டி ஓரமாக அடிவரை செருகி, சில நிமிஷம் கழித்து எடுத்துப் பாருங்கள். மண் ஒட்டி, குச்சி கறுத்து வந்தால் ஈரம் இருக்கிறது, விட்டுவிடுங்கள். சுத்தமாக வந்தால் ஊற்றலாம். விரலை விட்டுப் பார்ப்பது அடீனியத்துக்குப் போதாது, விரல் எட்டும் ஆழம் எப்போதும் முதலில் காய்ந்துவிடும், அழுகல் தொடங்குவது அதற்குக் கீழே. சின்னத் தொட்டி என்றால் தூக்கிப் பார்த்தாலே போதும், நாலைந்து தடவைக்குள் கைக்கு எடை பழகிவிடும். சில நூறு ரூபாய்க்கு விற்கிற கம்பி செருகும் ஈரமானியை மட்டும் வாங்க வேண்டாம் என்பேன். அது உண்மையில் அளப்பது மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்பதை. ஜல்லியும் மணலும் கலந்த கலவையில் கம்பி மண்ணைச் சரியாகத் தொடாமல் காய்ந்திருக்கிறது என்று காட்டும், உப்புத் தண்ணீர் ஊற்றின தொட்டியில் ஈரம் என்று காட்டும். ஈர்க்குச்சி பொய் சொல்லாது, காசும் இல்லை.

இந்த முறையின் கஷ்டம் நேரம். ஐந்து தொட்டிக்குச் சுகம், இருபது முப்பது தொட்டி என்றால் பூவாளியோடு நடந்தே காலை போய்விடும். அங்கேதான் ஓஸ் வருகிறது. ஓஸில் தப்பில்லை, முனையில் மழைத்தூவல் மூடி மாட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வேகமாக அடிக்கிற தண்ணீர் மேல் மணலைக் குழி பறித்து, ஆற்று மணலையும் உமிக்கரியையும் தொட்டிக்கு வெளியே தள்ளிவிடும். பூவின் மேல் அடிக்கக் கூடாது, நனைந்த பூ மறுநாளே வாடித் தொங்கும். இன்னொரு விஷயம், மாடி வெயிலில் கிடந்த ஓஸுக்குள் நிற்கிற தண்ணீர் கையில் பட்டால் நாமே உதறும் அளவுக்குச் சூடாக இருக்கும், கத்திரி வெயிலில் கேட்கவே வேண்டாம். கை தாங்கும் அளவுக்கு வரும்வரை அதை வாளியில் பிடித்து வைத்துவிட்டு, அப்புறம் தொட்டிக்குப் போங்கள். ஓஸ் பிடிப்பவர்களுக்கு வரும் சபலம் எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவு அடிப்பது. அடீனியங்களை மாடியின் ஒரு மூலையில் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது, ரோஜாவுக்குப் போகிற வரிசையில் இது சிக்காது.

சொட்டுநீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், காசு செலவாகிற விஷயம் இதுதான், ஆசையும் இதில்தான் அதிகம். முதல் கேள்வி, உங்கள் மாடியில் அழுத்தம் இருக்கிறதா? சொட்டுவான்கள், அதாவது குழாயிலிருந்து துளித்துளியாகத் தண்ணீர் விடும் சின்ன முனைகள், பொதுவாக ஒரு பார் அழுத்தத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. தண்ணீர்த் தொட்டி ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.1 பார்தான். மாடியில் ஆளுயர மேடை மேல் இருக்கும் டேங்கிலிருந்து வருகிற தண்ணீரில், குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் தொட்டி நிறையக் குடிக்கும், கடைசித் தொட்டிக்குத் துளி துளியாக வரும். டைமரிலும் இதே சிக்கல். மலிவான டைமர்களில் பலவற்றுக்குள் இருக்கும் சோலனாய்டு வால்வு, அதாவது மின்காந்தத்தால் திறந்து மூடும் அடைப்பான், குறைந்த அழுத்தத்தில் சரியாகத் திறக்காது, மூடாது. பந்து வால்வு வைத்த டைமர் அழுத்தமே இல்லாவிட்டாலும் வேலை செய்யும். டேங்க் தண்ணீருக்கு டைமர் வாங்கினால் இதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ரெண்டாவது, அடீனியத்துக்குப் போடுகிற கலவை கரடுமுரடானது: ஆற்று மணல், உடைத்த செங்கல், பெர்லைட், கொஞ்சம் உமிக்கரி, கொஞ்சம் மக்கிய எரு. ஒரே சொட்டுவானிலிருந்து விழும் துளி இப்படிப்பட்ட கலவையில் பக்கவாட்டில் பரவாது, நேராகக் கீழே இறங்கிவிடும். தொட்டியின் ஒரு பக்கம் நனைந்து மறுபக்கம் புழுதியாகக் கிடக்கும். பத்து அங்குலத் தொட்டிக்கு எதிரெதிராக ரெண்டு சொட்டுவானாவது வேண்டும். ஒவ்வொன்றும் மணிக்கு ரெண்டு லிட்டர் விடும் வகை, அழுத்தமும் சரியாக இருக்கிறது என்றால், இருபது நிமிஷத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டருக்கும் மேலே சேரும், அது ஒரு முழு ஊற்றல். டைமரைத் தினம் ரெண்டு நிமிஷம் என்று வைக்காமல், நாலு நாளுக்கு ஒரு தடவை இருபது நிமிஷம் என்று வைத்தால் சொட்டுநீரும் முழு ஊற்றல் முறையாகிவிடும். போர் தண்ணீர் உப்பு சொட்டுவான் வாயை அடைக்கும், மாதம் ஒரு தடவை கழற்றிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் டைமருக்கு ஐப்பசி தெரியாது. மழை கொட்டிக்கொண்டிருக்கும், டைமரும் தன் பங்குக்குத் திறக்கும். அதனால் சொட்டுநீர் போடுபவர்கள் அதை மாசியில் மாட்டி புரட்டாசியில் கழற்றி, உள்ளே எடுத்து வைக்கிற சாமானாக நினைத்துக்கொள்வது நல்லது. அணைத்து வைத்தால் போதாதா என்று கேட்கலாம், போதும்தான், ஆனால் அணைத்ததை வீட்டில் யாராவது நல்ல எண்ணத்தில் திரும்பப் போட்டுவிடுவார்கள்.

திரி வைத்த தொட்டி, அடியில் தண்ணீர் அறை வைத்த தொட்டி, தட்டில் தண்ணீர் தேக்குவது, இந்த மூன்றையும் ஒரே கூடையில் போட்டு ஒதுக்கிவிடுகிறேன். மூன்றும் மண்ணை எப்போதும் ஒரே ஈரத்தில் வைத்திருக்கச் செய்யப்பட்டவை. பீஸ் லில்லி, மணி பிளாண்ட் போன்றவற்றுக்கு அருமை. அடீனியத்துக்கு வேண்டியது நனைவதும் காய்வதும் மாறி மாறி வருவது. திரி சரியாக வேலை செய்ய நார்க்கழிவு மாதிரி ஈரத்தை மேலே இழுக்கிற கலவை வேண்டும், ஜல்லி, மணல் கலவையில் தண்ணீர் மேலே ஏறாது, ஏற வேண்டும் என்று நார்க்கழிவைக் கூட்டினால் மழைக்கு அதுவே எமன். தட்டில் தேங்குகிற தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டை போடும் என்பது தனிக் கதை. தரை கறை படாமல் இருக்கத் தட்டு வேண்டும் என்றால் வையுங்கள், ஊற்றி அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள், மழைக்காலத்தில் தட்டையே எடுத்துவிடுங்கள்.

இனி வருஷம் முழுக்க இது எப்படி ஓடும் என்று பார்த்துவிடலாம். தை பிறந்து பனி விலகும்போது செடி மெல்ல விழிக்கும். தை கடைசி, மாசியில் கிளை வெட்டுபவர்கள் வெட்டிய அன்றைக்கு ஊற்ற வேண்டாம், வெட்டுவாய் காயட்டும். தொட்டி மாற்றி வேர் வெட்டியிருந்தால் ஒரு வாரம்கூடத் தண்ணீர் இல்லாமல் விடலாம், அடித்தண்டில் இருப்பு இருக்கிறது. அப்புறம் இலை கிளம்பக் கிளம்ப இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வரலாம். பங்குனி, சித்திரை, வைகாசி முழுக்கப் பூக்காலம், குடிக்கும் காலம். முழு வெயிலில் இருக்கும் மண் தொட்டிக்கு ரெண்டு நாளுக்கு ஒரு முழு ஊற்றல்கூட வேண்டியிருக்கும், கத்திரியில் ஆறு அங்குலத் தொட்டி தினமும் கேட்கும். காலையில் ஊற்றுவது நல்லது. உப்பைக் கழுவ மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீர், அதாவது மெட்ரோ தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ, வழக்கத்தைவிட ரெண்டு மடங்கு ஊற்றி வழியவிடுங்கள். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இருக்காது, அதைப் பிடித்து ஊற்றலாம், தப்பில்லை. ஆர்ஓ வெளியேற்றும் கழிவு நீரை மட்டும் ஊற்றக் கூடாது, உப்பெல்லாம் சேர்ந்து கெட்டியாக வருவது அதில்தான்.

ஆனி முதல் புரட்டாசி வரை சென்னையில் பகலில் வெயில், சில சாயங்காலம் இடிமழை. இந்த மாதங்களில் நாள் கணக்கு வைத்தால் ஏமாந்துவிடுவோம், ஈர்க்குச்சியை நம்ப வேண்டிய காலம் இது. நேற்றுப் பெய்த தூறல் தரையை நனைத்திருக்கும், தொட்டிக்குள் ஒன்றும் போயிருக்காது, இலை குடை பிடித்திருக்கும். கோவைப் பக்கம் ஆடிக் காற்று மண்ணை உலர்த்தித் தள்ளும், மழையும் சென்னை அளவுக்குக் கிடையாது, அங்கே அழுகல் பயம் குறைவு. பெங்களூரில் மே தொடங்கி அக்டோபர் வரைக்கும் மழை, அதற்குப் பிறகு ராத்திரி 15 டிகிரி வரை இறங்குகிற குளிர், ஆகவே அங்கே தண்ணீரைக் குறைக்கிற காலம் நம்மைவிட நீளம், செடி இலை உதிர்த்துத் தூங்கினால் ஈரத்துணியால் துடைத்த அளவுக்குத்தான் தண்ணீர்.

ஐப்பசி, கார்த்திகை. இங்கே ஊற்றுவது எப்படி என்ற பேச்சே கிடையாது, மழையைத் தடுப்பது எப்படி என்பதுதான். மூன்று வழி உண்டு. சன்ஷேடுக்கு அடியில் நகர்த்துவது மலிவு, ஆனால் சாரல் அடிக்கும், வெளிச்சமும் குறையும். நாலு தொட்டி வைத்திருப்பவருக்கு இது போதும். மேலே நல்ல பாலித்தீன் தாளோ பாலிகார்பனேட் தகடோ போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுவது சிறந்தது, வெளிச்சமும் கிடைக்கும், புயலுக்குக் கட்டு வலுவாக இருக்க வேண்டும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பார்த்தவர்களுக்குத் தெரியும். பச்சை நிழல் வலை மழையைத் தடுக்காது. அது தண்ணீரைத் தூவலாக்கி உள்ளே அனுப்பும், வெயிலை மட்டும் தடுக்கும், அடீனியத்துக்கு வேண்டாத ரெண்டையும் சேர்த்துக் கொடுக்கும். மூன்றாவது, தொட்டியைப் படுக்கவைத்துவிடுவது. புயல் அறிவிப்பு வந்து நகர்த்த நேரமில்லாதபோது பெரிய தொட்டிகளைச் சாய்த்துக் கிடத்திவிட்டால் வாய் வழியாக மழை இறங்காது, ரெண்டு மூன்று நாள் அப்படியே கிடக்கலாம், செடிக்கு ஒன்றும் ஆகாது.

மறைவில் இருக்கும் செடிக்கு இந்த ரெண்டு மாதமும் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை குச்சி பார்த்து, தண்டு நெகிழ்ந்தால் மட்டும் அரை ஊற்றல். மார்கழியில் சென்னையில் ராத்திரிகூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், டெல்லி மாதிரி செடி முழுசாகத் தூங்கிவிடாது, சில இலைகள் மஞ்சளாகி விழும், அவ்வளவுதான். அதைத் தாகம் என்று நினைத்து ஊற்றினால்தான் ஆபத்து.

ஒரு விலக்கு இருக்கிறது. விதையிலிருந்து வந்து ஒரு வயசு ஆகாத நாற்றுக்கு அடித்தண்டில் இருப்பு கிடையாது, அதை முழுசாகக் காயவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும். நாற்றுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, மழை படாத இடத்தில்.

இப்போது முடிவு. பத்துத் தொட்டிக்குள் வைத்திருந்து வீட்டில் ஒருத்தராவது இருக்கிறார் என்றால் பூவாளியும் ஈர்க்குச்சியும் போதும், வேறு எதற்கும் காசு போடாதீர்கள். தினம் ஊற்றாமல் இருக்க முடியாது, காலையில் செடிக்குத் தண்ணீர் விடுவதுதான் அம்மாவுக்கோ மாமியாருக்கோ சந்தோஷம் என்றால் அவரிடம் முறையை மாற்றச் சொல்லிச் சண்டை போடாமல் தொட்டியை மாற்றுங்கள்: வண்ணம் அடிக்காத மண் தொட்டி, பாதிக்கு மேல் மணலும் செங்கல் துண்டும், அடியில் தாராளமாக ஓட்டை. அந்தத் தொட்டி கோடையில் தினம் ஒரு மக்கைத் தாங்கிக்கொள்ளும், மழைக்காலத்தில் அதை மறைவுக்கு நகர்த்துவதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இருபது தொட்டிக்கு மேல் என்றால் தூவல் முனை மாட்டிய ஓஸ், அடீனியத்துக்குத் தனி மூலை. சொட்டுநீர் யாருக்கு என்றால் தொட்டி நிறைய இருந்து, மார்ச்சிலிருந்து ஜூன் வரை வாரக்கணக்கில் வீட்டில் இல்லாதவருக்கு, அதுவும் அழுத்தம் இருந்தால் மட்டும்.

ஒரு வாரம், பத்து நாள் ஊருக்குப் போவதற்காக மட்டும் சொட்டுநீர் வாங்க நினைப்பவர்கள் அந்தக் காசை வைத்துக்கொள்ளலாம். வளர்ந்த அடீனியம் என்றால் கிளம்புகிற அன்று காலை முழுசாக ஊற்றி, வழிந்து முடிந்ததும் காலை வெயில் மட்டும் படுகிற இடத்துக்கு நகர்த்தி, தொட்டிகளை ஒன்றோடு ஒன்று நெருக்கி வைத்துவிட்டுப் போங்கள். மே மாதமாக இருந்தால் திரும்பி வரும்போது கொஞ்சம் மொட்டும் சில இலைகளும் கீழே கிடக்கும், தண்டு நெகிழ்ந்திருக்கும். ரெண்டு சுற்று ஊற்றிவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி வெயிலுக்குக் கொண்டுபோகலாம். சாவியை வாங்கிக்கொண்டு செடியைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிற பக்கத்து வீட்டுக்காரரிடம் ரோஜாவையும் செம்பருத்தியையும் ஒப்படையுங்கள், அடீனியத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.